42 சென்ட் பூங்கா: ஒரு நகராட்சி வழக்கறிஞரின் நாட்குறிப்பு

ஜூன் 10, 2024

கோடை விடுமுறைக்குப் பிறகு நகராட்சியிலிருந்து வந்த முதல் கட்டு இது. 1988இல் அங்கீகாரம் பெற்ற ஐந்து ஏக்கர் மனைப்பிரிவு. அதில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடம் 42 சென்ட். மனை போட்டவர் காலமாகிவிட்டார். இப்போது அவர் மகன் வழக்குப் போட்டிருக்கிறார்: தானப்பத்திரம் எழுதிக் கொடுக்கவே இல்லை, பட்டா எங்கள் குடும்பத்தின் பேரில் இருக்கிறது, நகராட்சி வேலி போடக் கூடாது. வழக்கு முடியும்வரை இடைக்காலத் தடையும் கேட்டிருக்கிறார்.

வங்கிகளுக்கு லீகல் ஒப்பினியன் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் நான் பார்த்ததெல்லாம் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, கடன் கேட்பவருக்கு உரிமை சரியாக வந்து சேர்ந்திருக்கிறதா என்பது மட்டும்தான். அந்த மனையைச் சுற்றியுள்ள ரோடும் பூங்காவும் வாய்க்காலும் யார் பேரில் இருக்கின்றன என்பது அங்கே கேள்வியே இல்லை. நகராட்சியின் வழக்குகளை நடத்தும் ஸ்டாண்டிங் கவுன்சிலாக வந்த பிறகு அதுவே என் முழு வேலையாகிவிட்டது. ஃபீஸ் குறைவுதான். இருந்தாலும் இதை விட்டுப் போக எனக்கு மனசில்லை.

ஜூன் 14

காலை முழுவதும் ரெக்கார்டு ரூமில். அந்த மனைப்பிரிவு போட்டபோது எங்கள் ஊர் பேரூராட்சி. நகராட்சியாகத் தரம் உயர்ந்தபோது பழைய கட்டுகளை மூட்டையாகக் கட்டி மாடியில் போட்டுவிட்டார்கள். "எண்பத்தெட்டாம் வருசத்துக் கட்டெல்லாம் கரையான் அரிச்சிருக்குமுங்க மேடம்" என்ற கிளார்க்கே ஏணி போட்டு ஏறி, மூன்றாவது மூட்டையில் எடுத்துக் கொடுத்தார். அவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

வரைபடம் மடிப்புகளில் கிழிந்து, நீலம் வெளுத்துப் போயிருக்கிறது. பூங்கா இடத்தில் மட்டும் பச்சைப் பென்சில் தீற்றியது அப்படியே இருக்கிறது. அங்கீகாரக் கடிதத்தில் நிபந்தனை: ரோடுகளையும் பூங்கா இடத்தையும் தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். ஒப்புக்கொண்டதாக மனை போட்டவரின் கையெழுத்து கீழேயே இருக்கிறது. தீர்மானப் புத்தகத்தில் மன்றம் ஏற்றுக்கொண்ட தீர்மானமும் இருக்கிறது. ரோடுகளுக்குப் பத்திரம் பதிவாகியிருக்கிறது. பூங்காவுக்கு மட்டும் இல்லை. இத்தனை வருசத்தில் ஒரு நினைவூட்டல் கடிதம்கூடப் போகவில்லை என்பதைப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

ஜூன் 22

இடத்தைப் பார்க்கப் போனேன். ரெண்டு வேப்பமரம், முள்ளுச்செடி, நடுவே எட்டு மனைகளாகப் பிரித்து நட்ட கல். எதிர்வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், குடையோடு வந்து நின்றார். "ஏனுங்கம்மா, பார்க் வருதுன்னு படத்தைக் காட்டித்தானே எங்களுக்கு வித்தாங்க? அந்தக் காசுல இதுவும் சேர்த்திதானுங்களே?"

அவருடைய கிரயப்பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னேன். 1989ஆம் வருசத்தது. சொத்து விவரத்தில் நான்கெல்லையைப் படித்ததும் அங்கேயே திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். கிழக்கு எல்லை: 'பூங்காவுக்கு ஒதுக்கப்பட்ட இடம்'. எழுதிக் கொடுத்தவர் அதே மனை போட்டவர். தந்தை தன் கைப்பட பூங்கா என்று ஒப்புக்கொண்டு விற்ற இடத்தை மகன் எப்படித் தன் மனை என்பார்? அந்த வரிசையில் இன்னும் யார் யார் பத்திரத்தில் இப்படி இருக்கிறது என்று விசாரித்துத் தருவதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார்.

ஜூலை 4

எதிர்த்தரப்பு பெரிதாக நம்புவது பண்டிட் சேத்ராம் வசிஷ்ட் வழக்கை. உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. லேஅவுட்டில் ஒதுக்கிய இடத்தின் உரிமையை இலவசமாக மாற்றித் தரும்படி டெல்லி மாநகராட்சி கேட்க முடியாது என்று அதில் இருப்பது உண்மை. ஆனால் அதே தீர்ப்பு, பூங்காவுக்கென்று ஒதுக்கியபின் உரிமையாளர் அந்த இடத்தைப் பொதுமக்களுக்காக வைத்திருப்பவர்தான், விற்க முடியாதபடி அது அவரைக் கட்டுப்படுத்தலாம் என்றும் சொல்கிறது. தானப்பத்திரம் இல்லாத எங்களுக்கு வேண்டியது அந்தப் பகுதிதான்.

கூடவே இன்னும் ரெண்டு தீர்ப்பு. பெங்களூரில் பூங்காவுக்கு விட்ட இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை 1991இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. வழக்குப் போட்டவர்கள் அந்தப் பகுதிவாசிகள்; அவர்களுக்கு அந்த உரிமை உண்டு என்றும் சொன்னது. அப்புறம் 2023 பிப்ரவரியில், சென்னையில் பெரிய மனைகளில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒப்படைக்கச் சொல்லும் விதி செல்லும் என்ற தீர்ப்பு. இப்போதைய விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் இடமாகத்தான் தர வேண்டும், பதிலுக்குப் பணம் கட்டித் தப்பிக்க முடியாது. அந்த விதியை எழுதியவர்களை நான் மனசார மதிக்கிறேன். பணமாக வாங்கியிருந்தால் அது எப்போதோ செலவாகியிருக்கும்.

ஜூலை 19

இன்று வந்தவரை மறக்க முடியவில்லை. டெய்லர். அந்த எட்டு மனையில் ஒன்றை 2013இல் சீட்டுப் பணத்தில் வாங்கியிருக்கிறார். முறையாகப் பதிவான பத்திரம். பிளாஸ்டிக் கவரைப் பிரித்து மேசையில் வைத்தபோது கை நடுங்கியது. "எனக்கு யாருமே சொல்லலைங்க மேடம்."

நான் நகராட்சியின் வழக்கறிஞர், உங்களுக்கு ஆலோசனை சொல்லக் கூடாது என்று முதலில் விளக்கினேன். கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் தாலுகா சட்டப்பணிகள் குழுவுக்குப் போங்கள், வருமான வரம்புக்குள் இருந்தால் கட்டணமில்லாமல் வக்கீல் வைத்துத் தருவார்கள் என்று வழி காட்டி அனுப்பினேன். விற்றவர் மேல் அவருக்கு உரிமை இருக்கிறது. அதை அவருடைய வக்கீல் சொல்லட்டும். பூங்கா பூங்காவாக நிற்க வேண்டும். அவருக்கு அவர் பணமும் திரும்ப வர வேண்டும். இரண்டையும் நினைக்கத் தெரியாமல் அரசுத் தரப்பில் நிற்கக் கூடாது என்பது என் எண்ணம்.

ஆகஸ்ட் 8

முன்சீப் கோர்ட்டில் வாதம். வரைபடம், தீர்மானம், பெரியவர் சேகரித்த மற்ற கிரயப்பத்திரங்கள், எல்லாவற்றிலும் அதே நான்கெல்லை. "தானப்பத்திரம் எங்கே?" என்று எதிர்த்தரப்பு திரும்பத் திரும்பக் கேட்டது. "எழுதித் தர வேண்டிய கடமை இவர்களுடையது. தங்கள் கடமையைச் செய்யாமல் விட்டு, அதையே உரிமையாக்கிக்கொள்ள முடியாது" என்றேன். உத்தரவுக்கு ஒத்திவைப்பு.

ஆகஸ்ட் 22

இடைக்காலத் தடை மனு தள்ளுபடி.

ஆகஸ்ட் 27

கமிஷனரைப் பார்த்தேன். வேலி போடுவதோடு நிறுத்த வேண்டாம், ஊரில் அங்கீகாரம் பெற்ற எல்லா மனைப்பிரிவுகளுக்கும் ஒரு பதிவேடு வேண்டும் என்றேன்: பூங்கா எத்தனை சென்ட், புல எண் என்ன, தானப்பத்திரம் உண்டா, பட்டா மாறியதா. பத்திரம் இல்லாத புல எண்களை சார்பதிவாளருக்கும் தாசில்தாருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மனை போட்டவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு வாங்கிவிடலாம், அப்புறம் வாரிசுகளைத் தேடி அலைய வேண்டும் என்றதும் அவர் உடனே டவுன் பிளானிங் பிரிவைக் கூப்பிட்டார். ஏணி போட்ட அந்தக் கிளார்க்கை இதற்கென்று ஒதுக்கித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கினேன்.

செப்டம்பர் 3

சப் கோர்ட்டுக்கு மேல்முறையீடு போகிறார்களாம். எங்களுக்குத் தெரிவிக்காமல் உத்தரவு போடக் கூடாது என்று கேவியட் மனு போட்டாச்சு. அது 90 நாள் செல்லும். அதற்குள் வேலி முடிய வேண்டும். பதிவேட்டில் முதல் பக்கம் வந்துவிட்டது. பத்திரம் இல்லாத பூங்காக்கள் நான் பயந்ததைவிட அதிகம். நாளைக்கு அவற்றுக்கு நோட்டீஸ் தயார் செய்ய வேண்டும்.