வெல்டர் படிப்பு: சேருமுன் தெரிந்துகொள்ள

திருநெல்வேலி பேட்டை அரசு ஐ.டி.ஐ.யில் என்ன எடுக்கலாம் என்று கேட்கிற தம்பி தங்கச்சிமாருக்கு. எலக்ட்ரீசியன், ஃபிட்டர் இரண்டும் 2 வருஷம், பத்தாவது தேறியிருக்கணும். வெல்டர் 1 வருஷம், எட்டாவது போதும். அரசு ஐ.டி.ஐ.யில் மாசம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு.

வெல்டர்னா கேட்டும் கிரில்லும்தான்னு நினைச்சிராதீங்க. கேட் வேலைக்கு 6013-ங்கிற நம்பர் வெல்டிங் ராடு, 3.15 மி.மீ. கனம், 100-லிருந்து 130 ஆம்பியர். ஆம்பியர் குறைஞ்சா ராடு ஒட்டும், கசடு உள்ளேயே மாட்டிக்கிடும். கூடினா ஓரம் அரிச்சுப் பள்ளம் விழும்.

கூலி கூடுற இடம் பைப் வெல்டிங். 45 டிகிரி சாய்வில், அசையாமல் பிடித்து வைத்த பைப்பைச் சுற்றிப் பற்றவைக்கணும். இதுதான் 6ஜி டெஸ்ட். பெரும்பாலும் முதல் சுற்று டிக் (TIG, டங்ஸ்டன் முனையில் வாயு விட்டுப் பற்றவைக்கிற முறை), அதுக்கு மேலே 7018 நம்பர் ராடு. இந்த ராடு ஈரத்தை உறிஞ்சிரும். ஐப்பசி மழையில் பாக்கெட்டைத் திறந்தே போட்டு, மறுநாள் அப்படியே எடுத்து அடிச்சா வெல்டுக்குள்ள பொத்தல் விழும், ஆறின பிறகு விரிசலும் விடும். 300 டிகிரிக்கு மேல் ராடு காயவைக்கிற அடுப்பில் (oven) சுட்டுத்தான் எடுக்கணும். எனக்குக் கேட்டால், இந்த ஒழுக்கம்தான் பாதி வேலை.

பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைப் பராமரிப்புக்குப் போகணும்னா எலக்ட்ரீசியன் எடுங்க. உயரம் ஏறப் பயம் இருக்கான்னு முதல்லயே பார்த்துக்கிடுங்க.

சேருமுன் பட்டறையை ஒருதரம் நேரில் பாருங்க. எத்தனை மெஷின் ஓடுது, ஒரு பிள்ளைக்கு எத்தனை ராடு கிடைக்குதுன்னு சீனியர் பசங்ககிட்டயே கேளுங்க.