ஹேண்டி ரையும் தண்ணீர்க் கணக்கும்

தாமஸ் ஹெச். ஹேண்டி என்ற ரை விஸ்கி, அதாவது ரை தானியத்தில் காய்ச்சும் அமெரிக்க விஸ்கி, பாட்டில் கைக்கு வந்து நாளாகிறது. அதை எப்படிக் குடிப்பது என்பது இந்த வாரம்தான் பிடிபட்டது. பென்சில்வேனியாவில் அரசே நடத்தும் மதுக்கடைகளில் வாங்கும் வாய்ப்புக்கான லாட்டரியில் நண்பருக்கு விழுந்த பாட்டில், நாலு பேர் பங்கு போட்டுக்கொண்டோம். 99 டாலர் என்று அறிவித்த சரக்கு மறுவிற்பனையில் போகிற விலையைப் பார்த்தால் லாட்டரியைத் தவிர எனக்கு வேறு வழியே கிடையாது.

2021 வெளியீடு. 129.5 புரூஃப், அதாவது சாராயம் 64.75 சதவீதம். அமெரிக்கச் சட்டப்படி ரை பீப்பாய்க்குள் போகும்போது 62.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆனால் கென்டக்கிக் கிடங்குகளின் மேல்தளச் சூட்டில் சாராயத்தைவிடத் தண்ணீர் வேகமாக வெளியேறுவதால் வருஷாவருஷம் வீரியம் ஏறிக்கொண்டே போகும். ஹேண்டியை அப்படியே, தண்ணீர் சேர்க்காமல் வடிகட்டாமல் பாட்டிலில் அடைக்கிறார்கள். நேராகக் குடித்தால் முதல் வாயில் பட்டைக் காரமும் கருகிய சர்க்கரையும் தெரியும். இரண்டாவது வாயில் நாக்கு மரத்துவிடும். அப்புறம் குடிப்பது ஹேண்டியா வேறு எதுவா என்று சொல்ல எனக்குத் தெரியாது. நேராகத்தான் குடிக்க வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கும் தெரியாது, ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான்.

தண்ணீர் விடச் சொல்பவர்களிடம் எனக்கு வேறு தகராறு. எல்லோரும் சொல்வது "இரண்டு சொட்டு விடுங்கள், வாசம் திறந்துகொள்ளும்". ஒரு சொட்டு சுமார் 0.05 மில்லி. 15 மில்லி ஹேண்டியில் இரண்டு சொட்டு விட்டால் 64.75 என்பது 64.3 ஆகும். இதில் என்ன திறந்துகொள்ளப் போகிறது? அந்தச் சொட்டை விட்டுக் குலுக்கி, ஐந்து நிமிஷம் பேசிக்கொண்டிருக்கிறார்கள் பாருங்கள், மாற்றம் அந்த ஐந்து நிமிஷத்தால்தான் வருகிறது என்பது என் கட்சி.

சரி, கணக்குக்கு வருவோம். 15 மில்லியில் சுத்தச் சாராயம் 9.7 மில்லி. 55 சதவீதத்துக்கு இறக்க 2.7 மில்லி தண்ணீர் வேண்டும், 50க்கு 4.4, 45க்கு 6.6. சாராயமும் தண்ணீரும் கலக்கும்போது கொள்ளளவு கொஞ்சம் சுருங்கும் என்பதால் 50க்கு இன்னும் மூன்று நான்கு சொட்டு கூடுதலாகப் பிடிக்கும். அளப்பதற்கு மருந்துக்கடையில் குழந்தைகளுக்கு மருந்து புகட்ட விற்கும் ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்ச் போதும். தண்ணீர் டிஸ்டில்டு. குழாய்த் தண்ணீர் வேண்டாம், குளோரின் வாடை ரையில் அப்படியே மேலே நிற்கிறது.

ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் 2017ல் கணினி மாதிரி வைத்து இதைப் பார்த்திருக்கிறார்கள். புகைமணம் தரும் குவாயகால் 45 சதவீதம் வரை திரவத்தின் மேற்பரப்பை ஒட்டியே இருக்கிறதாம். 59க்கு மேலே போனால் சாராயம் அதைச் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கிறதாம். அவர்கள் மனதில் வைத்தது பெரும்பாலும் ஸ்காட்ச். ஆனால் ஹேண்டி 64.75ல் மூக்குக்கு ஏன் நெடியை மட்டும் தருகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

55ல் கிராம்பு வந்தது. ஓக் மரத்தின் யூஜெனால் செய்யும் வேலை, எதிர்பார்த்ததுதான். 52ல்தான் கதவு திறந்தது: 15க்கு 3.7 மில்லி, பத்து நிமிஷம் காத்திருப்பு. புதினா, சதகுப்பை, ஆரஞ்சுத் தோல், விழுங்கிய பிறகு கசப்புச் சாக்லேட். காரம் போகவில்லை, சுக்குக் கஷாயம் மாதிரி தொண்டைக்கு இறங்கி அங்கே உட்கார்ந்துகொண்டது. 50ல் புதினா மங்கிவிட்டது. 45ல் மரக்கசப்பு முன்னால் வந்தது. கிளாஸை ஐஸ் தண்ணீரில் வைத்ததும் லேசாக மேகம் கட்டியது, குளிரவைத்து வடிகட்டாத சரக்கில் கொழுப்பமில எஸ்டர்கள் பிரிகிற மேகம். இதைப் பார்ப்பதற்காகவே ஒருமுறை 45க்கு இறக்கலாம்.

45க்கு இறக்கியதன் உண்மையான காரணம் வேறு. அதே வீட்டுச் சரக்கான சாதாரண சாஸரக் ரை 45 சதவீதத்தில்தான் வருகிறது. பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வீரியம் ஒன்றானாலும் இரண்டும் ஒன்றில்லை. ஹேண்டிக்கு நாக்கில் கனம் இருக்கிறது, சாஸரக்கில் எலுமிச்சை வாசம் வந்த வேகத்தில் போய்விடுகிறது. விலையைப் பார்த்தால் சாஸரக் தோற்றதாகச் சொல்ல மாட்டேன்.

பங்குதாரர்களில் ஒருவர் தன் பங்கில் சாஸரக் காக்டெயிலே கலந்துவிட்டார். பேய்ஷோ பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு, கிளாஸில் சோம்பு மணக்கும் அப்சிந்த் மதுவின் தடவல், எல்லாம் முறைப்படி. எனக்கு நெஞ்சு பதறியது. இந்தக் காக்டெயிலுக்குப் பேர்போன நியூ ஆர்லியன்ஸ் சாஸரக் காபி ஹவுஸின் உரிமையாளர் பெயரைத்தானே பாட்டிலுக்கு வைத்திருக்கிறார்கள் என்று அவர் கேட்டபோது பதில் சொல்ல முடியவில்லை. ருசி நன்றாகவும் இருந்தது, அதுதான் எரிச்சல்.

பங்கு பிரிக்கும் 60 மில்லி குப்பிகளைப் பற்றி ஒரு வார்த்தை. மலிவாக வந்த ஒரு கட்டில் மூடியெல்லாம் பிளாஸ்டிக் வாடை. உள்ளே கூம்பு வைத்த மூடியாகப் பார்த்து வாங்குங்கள், ஆவியும் கசியாது.

52க்கும் 54க்கும் நடுவில் இன்னும் தேட வேண்டும், பங்கில் பாதி மிச்சம் இருக்கிறது. அதற்குள் கை அடுத்ததற்குப் போய்விட்டது. ஹெவன் ஹில் நிறுவனத்தின் பைக்ஸ்வில் ரை 55 சதவீதம், ஆறு வருஷம். அதே நிறுவனத்தின் ரிட்டன்ஹவுஸ் 50. இரண்டிலும் தானியத்தில் ரை 51 சதவீதம்தான், மிச்சத்தில் பெரும்பங்கு சோளம். பைக்ஸ்வில்லில் 15க்கு 1.5 மில்லி விட்டு 50க்கு இறக்கி இரண்டையும் பக்கத்தில் வைத்திருக்கிறேன். முகர்ந்த வரையில் ரிட்டன்ஹவுஸில் சோளத்தின் இனிப்பு முந்துகிறது, பைக்ஸ்வில்லில் கிராம்பு. வாயில் வைத்தது இன்னும் ஒன்றைத்தான்.