பீரோ மேல் ஏறும் பூனைக்கு ஒரு மரம்

வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைக்கு கேட் ட்ரீ (ஏறவும் பிறாண்டவும் படுக்கவும் தூணும் தட்டுகளும் வைத்துச் செய்த பூனை மரம்) எதற்கு, வீண் செலவுதானே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கட்டாயம் வேண்டும் என்பேன். பூனை உயரம் தேடும் பிராணி, மேலே உட்கார்ந்து கீழே நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால்தான் அதற்கு நிம்மதி. நாம் இடம் கொடுக்காவிட்டால் ஃப்ரிட்ஜ், பீரோ, லாஃப்ட், கடைசியில் சாமி அலமாரி என்று தானே கண்டுபிடித்துக்கொள்ளும். எங்கள் சின்னு தெருவில் பிறந்தவள், இப்போது சென்னையில் எங்கள் ஃப்ளாட்டை விட்டு வெளியே போவதில்லை. வண்டிகளுக்கும் நாய்களுக்கும் பயந்து அவளை உள்ளே வைத்திருப்பது நாங்கள் எடுத்த முடிவு. அப்படியிருக்க, அவள் ஏறியிருக்க வேண்டிய மதில் சுவருக்கும் மரத்துக்கும் ஈடாக ஒன்றை வீட்டுக்குள் கொடுப்பதும் எங்கள் பொறுப்புதான்.

வாங்கும்போது முதலில் அடிப்பலகையைப் பாருங்கள். படத்தில் அழகாகத் தெரியும் கூடு, தொங்கும் பந்து, ஏணி எல்லாம் அப்புறம். நாலைந்து கிலோ எடையுள்ள பூனை நிதானமாக ஏறாது, ஹாலின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்து ஒரே தாவாகத் தாவும். அந்த வேகத்தில் மரம் ஆடினால் பயந்துபோய் பல பூனைகள் திரும்ப அதன் பக்கமே போவதில்லை. 5 அடி உயர மரத்துக்கு அடிப்பலகை 2 அடிக்கு 2 அடியாவது இருக்கட்டும், கனமாகவும் இருக்கட்டும், அதற்கு மேலும் சுவரில் ஒரு எல் பிராக்கெட் போட்டு இறுக்கிவிடுங்கள். வாடகை வீடு, ஆணி அடிக்க முடியாது என்றால் உயரம் குறைந்ததாகவே வாங்கிவிடலாம்.

அடுத்தது தூண். என்னைக் கேட்டால் மொத்த மரத்திலும் இதுதான் முக்கியம், விலை குறைந்த மரங்களில் மட்டமாக இருப்பதும் இதுதான். பூனை பிறாண்டுவது சேட்டைக்காக இல்லை. நகத்தின் பழைய மேலுறை கழல வேண்டும், தூங்கி எழுந்த உடம்பை நீட்டி முறிக்க வேண்டும், பாதத்தில் இருக்கும் சுரப்பிகளின் வாசனையைப் பதித்து இது என் இடம் என்று சொல்ல வேண்டும், இத்தனைக்கும் சேர்த்துத்தான் பிறாண்டுகிறது. அதற்குப் பின்னங்காலில் நின்று முன்னங்கால்களை முழுசாக நீட்ட இடம் வேண்டும் என்பதால், நடுவில் தட்டு குறுக்கிடாமல் ஒரு தூணாவது 3 அடி உயரம் இருக்க வேண்டும். ஒன்றரை அடித் தூண்களாக நாலு இருந்து பயனில்லை, பூனை நேராக சோபாவுக்குப் போய்விடும்.

தூணில் சைசால் கயிறு, அதாவது கற்றாழை போன்ற ஒரு செடியின் நாரில் திரித்த கயிறு, சுற்றியிருந்தால் நல்லது. அந்த நார் நகத்துக்குப் பிடி கொடுக்கும். நைலான் வழுக்கும். பழைய கயிறு பிய்ந்துபோனால் தூணைத் தூக்கிப் போட வேண்டாம், கயிற்றை மட்டும் மாற்றலாம்: 4 அங்குல விட்டம், 3 அடி உயரமுள்ள தூணுக்கு 8 மில்லிமீட்டர் கயிறு சுமார் 40 மீட்டர் பிடிக்கும். வாங்கும் முன் முகர்ந்து பாருங்கள், எண்ணெய் வாடை அடிக்கும் கயிறு வேண்டாம். தேங்காய் நார்க் கயிறும் சுற்றலாம், நார் உதிரும், தினமும் பெருக்க வேண்டும், அவ்வளவுதான்.

புசுபுசு துணி ஒட்டிய தட்டுகள் எனக்குப் பிடிப்பதில்லை. நம் ஊர் வெயிலுக்கு சின்னு தரையில்தான் நீட்டிப் படுக்கிறாள், அந்தத் துணியில் முடியும் தூசியும் சேர்ந்து, மழைக்காலத்தில் பூஞ்சை வாடையும் வந்துவிடும். வெறும் பலகை, மேலே கழற்றித் துவைக்க ஒரு விரிப்பு, அது போதும். மரத்தூளை அழுத்திச் செய்த தூள் பலகை ஈரம் பட்டால் ஊதிவிடும், கூடுதல் காசு கொடுத்தாவது ப்ளைவுட் வாங்குங்கள். தெரிந்த ஆசாரி இருந்தால் அளவைச் சொல்லிச் செய்துகொள்வதே மேல். படுக்கும் தட்டு 16 அங்குல அகலமாவது இருக்கட்டும். தொங்கும் நூலையும் பந்தையும் வந்த அன்றே வெட்டி எடுத்துவிடுங்கள். நூலை விழுங்கினால் குடலைச் சுருக்கி இழுத்துவிடும், அறுவை சிகிச்சை வரை போகும்.

வயதான பூனை என்றால் தட்டுக்குத் தட்டு ஒரு அடிக்கு மேல் இடைவெளி வேண்டாம். இரண்டு பூனைகள் இருந்தால் ஒரே வாசல் உள்ள கூட்டைத் தவிர்த்துவிடுங்கள், ஒன்று உள்ளே இருக்கும்போது மற்றது வாசலை மறித்து உட்கார்ந்துகொள்ளும்.

எங்கே வைப்பது? காக்காவும் அணிலும் தெரியும் ஜன்னலோரம், அதுவும் நீங்கள் உட்காரும் அறையிலேயே. யாரும் போகாத மூலையில் வைத்தால் பூனையும் போகாது. ஜன்னலுக்கும் பால்கனிக்கும் உறுதியான வலை அடித்த பிறகு வையுங்கள், புறாவுக்காகக் கட்டும் மெல்லிய நைலான் வலையைப் பூனை கடித்துவிடும். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை, சீலிங் ஃபேன். மேல் தட்டிலிருந்து தாவும் வழியில் ஃபேன் இறக்கை வரக் கூடாது, மரத்தைத் தள்ளி வையுங்கள்.

புது மரத்தைப் பூனை கண்டுகொள்ளாவிட்டால் குப்பைமேனிச் செடியைப் பிடுங்கி, வேரைக் கழுவித் தூணில் தேய்த்துப் பாருங்கள், காலி மனையில் எங்கும் கிடைக்கும். அந்த வேர் வாசனைக்குப் பல பூனைகள் வந்து உரசும், புரளும். சின்னுவும் அப்படித்தான் ஏற ஆரம்பித்தாள். அப்புறம் மாதம் ஒருமுறை போல்ட்டுகளை இறுக்கிவிடுங்கள், தாவித் தாவி லூஸ் ஆகிவிடும்.