சுங்கை சிப்புட் வீட்டை ஏன் வாங்கவில்லை

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் 180,000 ரிங்கிட்டுக்கு வந்த ஒற்றை மாடி வரிசை வீட்டைச் சீரமைத்து 240,000-க்கு விற்கலாம் என்றார் முகவர். பின்கட்டு அடுப்படி உத்தரத்தில் அழுத்திய திருப்புளி பிடிவரை இறங்கியது. கறையான் அரித்த மரத்தை மாற்றிக் கூரையையும் வீட்டையும் ஒழுங்குபடுத்த 35,000 ஆகும் என்றார் மேஸ்திரி. முத்திரைத் தீர்வை 2,600, வழக்கறிஞர், முகவர் கட்டணங்கள், விற்கும்வரை வங்கி வட்டி ஆகியவற்றோடு, மூன்றாண்டுக்குள் விற்பதால் 10,000 விலக்குப் போக எஞ்சும் ஆதாயத்துக்கு விதிக்கப்படும் 30 விழுக்காடு வரியையும் கழித்தால், ஏழாயிரம் சொச்சமே மிஞ்சுகிறது. (முகவரின் கணக்கில் வரி என்ற வரியே இல்லை.) இங்கு வீடு வாங்க வருவோர் பெரும்பாலும் வங்கிக் கடனை நம்பியவர்கள், ஒருவரின் விண்ணப்பம் தள்ளுபடியானாலே விற்பனை தள்ளிப்போய், வட்டி அந்த ஏழாயிரத்திலும் கை வைத்துவிடும். உரிமையாளர் 5,000 குறைத்தும் நான் இசையவில்லை; 165,000-க்கு இறங்கினால் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.