மிச்சமிருந்த 24 சிப்பாய்கள்

பொம்மைப் போர்வீரர்களை வைத்துப் போர் ஆடும் எங்கள் கிளப்பில் நெடுநாளாக ஒரு நம்பிக்கை உண்டு. வண்ணம் பூசப்படாத உருவம் ஒன்றேனும் வீட்டில் மிச்சமிருக்கும்வரை அதன் சொந்தக்காரரை எமன் நெருங்க மாட்டான் என்பதே அது. இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் பல ஊர்களிலும் சொல்லிச் சிரிக்கும் வேடிக்கைதான். எமனை மட்டும் நான் சேர்த்துக்கொண்டேன். அந்தக் கணக்கின்படி பார்த்தால் சென்ற பிப்ரவரியில் மறைந்த எங்கள் நண்பர் இன்னும் முப்பது ஆண்டுகளாவது இருந்திருக்க வேண்டும். அவருடைய மாடியறையில் அட்டைப்பெட்டிகளிலும் பிஸ்கட் டப்பாக்களிலும் அத்தனை உருவங்கள் தூரிகை படாமல் கிடந்தன.

இந்த விளையாட்டைக் கண்டிராதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் உயரமுள்ள உலோக வீரர்களை வாங்கி, வார்ப்பின் பிசிறுகளை அரத்தால் ராவி, பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடித்து, கோட்டின் பொத்தான் வரைக்கும் வண்ணம் தீட்டி, அடித்தட்டில் மணலும் செயற்கைப் புல்லும் ஒட்டி, அப்படி உருவான படைகளை ஆறடிக்கு நான்கடி மேசையில் நிறுத்தி, அங்குல நாடாவால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பதுதான் விளையாட்டு. எச். ஜி. வெல்ஸ் 1913இல் இதற்கென விதிகளை எழுதி வெளியிட்டபோது, வில்விசையால் சிறு மரத்துண்டைச் சுடும் பொம்மைப் பீரங்கியால் எதிரியின் வீரர்களை வீழ்த்துவதே முறையாக இருந்தது. அடுத்த ஆண்டே உண்மையான போர் வந்துவிட்டது. இன்றைய வடிவத்தில் இது பரவியதற்கு, சவுத்ஹாம்ப்டன் கால்பந்து அணியின் பிசியோதெரபிஸ்டாக இருந்த டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 1960களில் எழுதிய நூல்கள் பெரிய காரணம். இரண்டாம் உலகப்போரில் டாங்கிப் படையில் பணியாற்றிய அவர் 2013இல் 95ஆம் வயதில் காலமானார். எங்கள் நண்பர் பள்ளிப் பருவத்தில் ஊர் நூலகத்திலிருந்து எடுத்துவந்த அவருடைய புத்தகம் ஒன்றைத் திருப்பித் தரவே இல்லை. அந்த நூலகத்தையே மூடிவிட்டார்கள், இனி யாரிடம் கொடுப்பது என்று கேட்பார்.

நான் வேலை நிமித்தமாகத் தென் இங்கிலாந்துக்கு வந்த இரண்டாம் ஆண்டில் அவரைச் சந்தித்தேன். செவ்வாய்க்கிழமை மாலைகளில் ஊர்ப்பொது மண்டபம் ஒன்றில் கிளப் கூடும். முதல் நாள் கதவருகே தயங்கி நின்ற என்னை உள்ளே அழைத்து, தேநீர்க் கோப்பையை ஒரு கையிலும் பகடையை மறு கையிலும் கொடுத்து, நான் விதிகள் தெரியாது என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு குதிரைப்படையை என் பொறுப்பில் விட்டுவிட்டார். எனக்கிருந்த சிக்கல் வேறு. எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த ஒருவரைப் பெயர் சொல்லி அழைக்க என் நாக்கு எழவில்லை. சில மாதங்கள் எதுவும் சொல்லி அழைக்காமலேயே பேசிப் பார்த்தேன். பிறகு ஒரு நாள் வாய்தவறி ‘சார்’ என்றேன். மேசையைச் சுற்றியிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து கிளப்பில் எல்லோரும் அவரை ‘சார்’ என்றே அழைக்கத் தொடங்கினார்கள். எனக்கும் வசதியாகப் போயிற்று.

அவருடைய வாழ்நாள் வேலை என்று சொல்லத்தக்கது அசாய்ப் போரின் படைகளைத் தீட்டிச் சேர்த்தது. 1803ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள், இன்றைய மகாராஷ்டிரத்தின் ஜால்னா மாவட்டத்தில், சிந்தியாவும் போன்ஸ்லேயும் கூட்டிய மராட்டியப் படையை ஆர்தர் வெல்லஸ்லி எதிர்கொண்ட போர் அது. பின்னாளில் வெலிங்டன் பிரபுவாகி வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர், களத்தில் தாம் செய்தவற்றுள் சிறந்தது எது என்று கேட்டபோது அசாய் என்று விடையளித்ததாகச் சொல்வார்கள். கைல்னா ஆற்றைக் கடக்க வழியில்லை என்று வழிகாட்டிகள் கூறியும், எதிரெதிர்க் கரைகளில் இரண்டு ஊர்கள் அமைந்திருப்பதைக் கண்டு, நடுவில் மக்கள் புழங்கும் துறை ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று அவர் ஊகித்த கதையை நண்பர் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்வார். நான் குறைந்தது பத்து முறை கேட்டிருக்கிறேன். அதோடு நிறுத்த மாட்டார். ஊகம் சரியாக இருந்ததற்காக வெல்லஸ்லியைப் புகழ்கிறவர்கள், மறுகரையில் வெல்லஸ்லியின் தரப்பில் மட்டும் 1,584 பேர் மாண்டும் காயமுற்றும் காணாமலும் போனதைச் சொல்வதில்லை என்பார்.

வெல்லஸ்லியின் காலாட்படையில் ஸ்காட்லாந்துப் பட்டாளங்கள் இரண்டு. மற்றவை மதராஸ் சிப்பாய்ப் பட்டாளங்கள். இங்கேதான் நானும் அந்தப் படைக்குள் வந்தேன். ஒரு செவ்வாய் மாலை, தாம் தீட்டி முடித்த முதல் மதராஸ் பட்டாளத்தை என் முன் நிறுத்தி எப்படியிருக்கிறது என்று கேட்டார். சிவப்புக் கோட்டு, குட்டையான வெள்ளைக் கால்சட்டை, செருப்பு எல்லாம் நேர்த்தியாக இருந்தன. முகங்கள் மட்டும் 24ம் ஒரே பழுப்பு. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குள்ளேயே நான்கு நிறம் இருக்கும், ஒரு பட்டாளம் முழுக்க எப்படி ஒரே நிறமாக இருக்கும் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் பெட்டி நிறையப் பெயிண்ட் குப்பிகளுடன் வந்து, என் முழங்கையை மேசைமீது வைக்கச் சொல்லி, ஒவ்வொரு குப்பியாகத் திறந்து பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். என் அப்பாவின் நிறம், அம்மாவின் நிறம், வெயிலில் வேலை செய்யும் மாமாவின் நிறம் என்று நான் சொல்லச் சொல்லக் கலந்து, ஐந்து கலவைகளை அட்டையில் குறித்துக்கொண்டார். அந்த 24 முகங்களையும் மீண்டும் தீட்டினார். கிளப்பில் அவரை எனக்கு நெருக்கமாக்கியது அந்தச் செயல்தான் என்று நினைக்கிறேன்.

அசாய்ப் படையில் 19ஆவது லைட் டிராகூன் என்னும் குதிரைப்படைப் பிரிவும் இருந்தது. நான் வேலூர்க்காரன். தலைப்பாகையை மாற்றியதும் தாடி மீசைக்கும் நெற்றிக்குறிக்கும் கட்டுப்பாடு விதித்ததும் கோபமூட்ட, 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் எங்கள் ஊர்க் கோட்டைக்குள் மதராஸ் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் தலைமையில் விரைந்துவந்து அதை ஒடுக்கியது இதே 19ஆவது பிரிவு. மூன்று ஆண்டுகளுக்கு முன் அசாயில் மதராஸ் சிப்பாய்களின் பக்கம் நின்று போரிட்டவர்கள், கோட்டைக்குள் மதராஸ் சிப்பாய்களை நூற்றுக்கணக்கில் கொன்றார்கள். சிறுவயதில் பேருந்திலிருந்து பார்த்துப் பழகிய நினைவுத்தூணைப் பற்றிச் சொல்லி, அந்தக் குதிரைப்படையை நான் நடத்த மாட்டேன், வேறு எதை வேண்டுமானாலும் கொடுங்கள் என்றேன். விளையாட்டில் இப்படியெல்லாம் பார்ப்பதா என்று இன்னொருவர் முணுமுணுத்தார். நண்பர் வாதிடவில்லை, என்னைத் தேற்றவும் முயலவில்லை. பிரிவை எடுத்துத் தம் பக்கம் வைத்துக்கொண்டார். பிறகு பார்த்தால் அந்தப் பெட்டியின் மூடியில், அசாய் 1803 என்ற வரிக்குக் கீழே, வேலூர் 1806 என்று பென்சிலால் எழுதியிருந்தார்.

அவருக்கும் அப்படி ஓர் எல்லை இருந்தது. அவருடைய தந்தை இரண்டாம் உலகப்போரில் பர்மாக் களத்தில் பணியாற்றியவர். கொஹிமா, இம்பால் போர்களை யாராவது மேசைக்குக் கொண்டுவந்தால் நண்பர் தேநீர் போடும் வேலையை எடுத்துக்கொள்வார். அப்பாவுக்குத் தெரிந்தவர்களை என்னால் அங்குல நாடாவால் நகர்த்த முடியாது என்று ஒருமுறை மட்டும் சொன்னார். நவம்பர் மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, போரில் மாண்டவர்களுக்காக நாடு முழுவதும் காலை 11 மணிக்கு இரண்டு நிமிடம் மௌனம் காக்கும் நாளில், சட்டையில் பாப்பி மலரைக் குத்திக்கொண்டு ஊர் நினைவுச்சின்னத்தின் முன் நிற்பார். நானும் சில ஆண்டுகள் உடன் நின்றிருக்கிறேன். போரைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் அந்த மௌனத்தில் நிற்பது பொருந்துமா என்ற கேள்வி எனக்கு ஒவ்வொரு முறையும் எழுந்தது. அதற்கு விடை கண்டேன் என்று சொல்ல மாட்டேன்.

அவர் மறைந்து ஆறு வாரம் கழித்து அவருடைய மனைவி கிளப்புக்குத் தொலைபேசியில் பேசினார். இத்தகைய வேளைகளில் சேகரிப்பு என்னவாகும் என்பது எங்களுக்குள் வெளிப்படையாகப் பேசப்படாத கவலை. வாரிசுகளுக்கு அதன் மதிப்புத் தெரியாமல் குப்பைக்குப் போனதும் உண்டு, மதிப்பு மிக நன்றாகத் தெரிந்த எவரோ துக்கம் நடந்த வீட்டில் அடிமாட்டு விலைக்கு அள்ளிச் சென்றதும் உண்டு. எனவே நாங்கள் நால்வர் சென்று, எல்லாவற்றையும் பட்டியலிட்டு, விற்கத்தக்கதை நியாய விலைக்கு விற்றுப் பணத்தை அவரிடம் கொடுப்பதென்றும், அசாய்ப் படையை மட்டும் பிரிக்காமல் கிளப்பில் வைப்பதென்றும் முடிவாயிற்று. அடுக்குகளை இறக்கும்போதுதான், ஒவ்வொரு பட்டாளத்திலும் கொடி தாங்குபவனின் அடித்தட்டைத் திருப்பினால், அது களம் கண்ட நாள்களும் எதிரே ஆடியவரின் பெயரெழுத்தும் பென்சிலில் குறிக்கப்பட்டிருப்பதைக் கண்டோம். தோற்ற நாள்களையும் விடாமல் எழுதியிருந்தார். ‘ஓடிவிட்டார்கள்’ என்ற சொல்தான் அங்கே அதிகம்.

மதராஸ் பட்டாளங்களில் மூன்று முடிந்திருந்தன. நான்காவதின் 24 சிப்பாய்களும் சாம்பல் நிறப் பிரைமரோடு, ஐஸ்கிரீம் குச்சிகளில் வரிசையாக ஒட்டப்பட்டு நின்றார்கள். அவர்களை என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் மனவருத்தம் வருமளவுக்குக் கருத்து வேறுபாடு. அப்படியே மேசையில் நிறுத்துவோம், அவர் எங்கே நிறுத்தினார் என்பது தெரியட்டும் என்றது ஒரு தரப்பு. வண்ணம் பூசாத படையை அவர் ஒருநாளும் களமிறக்கியதில்லை, அதை மீறுவது அவருக்கு மரியாதையா என்றது மறுதரப்பு. நான் முதலில் அப்படியே விடலாம் என்ற பக்கம்தான் இருந்தேன். பிறர் கைபட்டால் அது அவருடைய பட்டாளமாக இருக்காது என்று எண்ணினேன். பிறகு குச்சிகளுக்கு அடியிலிருந்து அந்தப் பழைய அட்டை கிடைத்தது. ஐந்து கலவைகளுக்குக் கீழே ஆறாவதற்கு இடம் விட்டு, கேள்விக்குறி இட்டு, என் பெயரின் முதலெழுத்தை எழுதியிருந்தார். என்னிடம் கேட்க நினைத்திருக்கிறார். அதற்குப் பிறகு என்னால் அந்தப் பக்கம் நிற்க முடியவில்லை.

நால்வருக்கு ஆறு சிப்பாய்கள் வீதம் பிரித்துக்கொண்டோம். சீருடையை எல்லோரும் அவரவர் வீட்டில் தீட்டினார்கள். முகங்களை மட்டும் நான் தீட்டினேன். ஆறாவது கலவைக்கு ஊரில் இருக்கும் என் தம்பியிடம் கைப்படத்தைக் கைப்பேசியில் அனுப்பச் சொன்னேன். எதற்கென்று சொன்னபோது, வெள்ளைக்காரர் இத்தனை மெனக்கெட்டாரா என்று வியந்து, மூன்று வெளிச்சத்தில் எடுத்து அனுப்பினான். ஒருவருடைய கை நடுங்கும், இன்னொருவர் பளபளக்கும் வார்னிஷைத் தவிர வேறெதையும் தொடமாட்டார்; ஆக நான்கு வகை வேலையும் ஒரே பட்டாளத்தில் அப்பட்டமாகத் தெரிகிறது. 24 பேரில் தம்பட்டக்காரச் சிறுவன் ஒருவனை மட்டும் சாம்பல் நிறத்திலேயே விட்டுவிடலாம், தீட்டாத உருவம் ஒன்று மிச்சமிருந்தால் கிளப்பின் நம்பிக்கையும் பொய்யாகாது என்று ஒருவர் யோசனை சொன்னார். சற்று மிகையான உருக்கமாகவே எனக்குப் பட்டது. ஆனால் சொன்னவர் முதலில் எதிர்த்தரப்பில் இருந்தவர் என்பதால் ஒப்புக்கொண்டேன். அவன் இப்போது மண்டபத்து அலமாரியில் இருக்கிறான்.

இந்த ஆண்டு செப்டம்பர் 23 செவ்வாய்க்கிழமையாகவே அமைந்தது. அசாயை விரித்தோம். மேசையில் முதலில் வைக்கப்பட்டவை எதிரெதிர் ஊர்களும் நடுவிலிருக்கும் துறையும். 19ஆவது டிராகூன்களை யார் நடத்துவது என்ற கேள்வி வந்தபோது நானே வாங்கிக்கொண்டேன். ஏன் என்று எவரும் கேட்கவில்லை, எனக்கும் நன்றாக விளக்கத் தெரியாது. பெட்டி மூடியில் அவர் எழுதிய இரண்டு வரிகளும் அப்படியே இருந்தன.

புதிதாகத் தீட்டிய படை முதல் ஆட்டத்தில் ஓடிவிடும் என்பது இந்தப் பொழுதுபோக்கின் இன்னொரு நம்பிக்கை. நான்காவது பட்டாளம் துறையைக் கடந்து கரையேறி மராட்டியப் பீரங்கியின் முதல் சூட்டை வாங்கியது. நிலைத்து நிற்குமா என்று பார்க்கப் பகடையை உருட்டினால் இரண்டிலும் ஒன்று விழுந்தது. மண்டபம் அதிரச் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்கு நடுவில் கதவருகே அவருடைய மனைவி கேக் டப்பாவுடன் நின்றிருந்தார். கிளப் தொடங்கிய நாளிலிருந்து அவர் ஓர் ஆட்டத்தைக்கூடப் பார்க்க வந்ததில்லை. யார் தோற்கிறார்கள் என்று கேட்டார். சாரின் புதிய பட்டாளம் ஓடிவிட்டது என்றோம். அது எப்போதும் ஓடும்தானே என்றார்.

தேநீருக்குப் பிறகு மேசையை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். எங்கள் பங்குக்கு எதையாவது தர வேண்டும் என்று நினைத்திருந்தோம். வெல்லஸ்லி குதிரைமேல் அமர்ந்திருக்கும் உருவம் அந்தப் படையிலேயே சிறந்த வேலைப்பாடு என்பதால் அதை ஒரு சிறு கண்ணாடிப் பெட்டியில் வைத்துத் தயாராகவும் வைத்திருந்தோம். அவர் அதைப் பார்த்துப் பாராட்டிவிட்டு, மாட்டுவண்டி எங்கே என்று கேட்டார். மேசையின் கோடியில், படைக்குப் பின்னால், மூட்டைகள் ஏற்றிய வண்டிகளின் வரிசையில், சக்கரம் ஒன்று கோணலாக நின்ற வண்டியைத் தேடி எடுத்தார். பல ஆண்டுகளுக்கு முன் இருட்டில் தண்ணீர் குடிக்க எழுந்தபோது அவர் காலில் மிதிபட்டு நொறுங்கியது அது. அன்றிரவே ஒட்டிய நண்பர் அதன்பிறகு அதை நேராக்க மறுத்துவிட்டாராம். அத்தனை தொலைவு வந்த வண்டியில் சக்கரம் நேராக இருந்தால்தான் பொய் என்று சொன்னாராம்.

கைக்குட்டையில் பொதிந்து கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பியவர், கதவருகே திரும்பி, அடுத்த ஆட்டத்திற்கு வண்டி தேவைப்பட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், கொண்டுவருகிறேன் என்றார்.