ஆஷ்பர்ட்டனில், தலைமையாசிரியர் இல்லாத பள்ளி

இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்துக்குப் போகிறவர்கள் கடற்கரைக்கோ டார்ட்மூர் மேட்டுநிலத்துக்கோ போவார்கள். நான் போனது ஒரு பள்ளிக்கூடத்தின் கதையைத் தேடி. அதன் பெயர் சாண்ட்ஸ் பள்ளி. கதையின் ஒரு நுனி வங்காளத்தில் இருப்பதால், நெடுநாளாகவே அந்த இடங்களைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை.

லண்டன் பாடிங்டனிலிருந்து டோட்னஸ் வரை ரயில். டாலிஷ் அருகே தண்டவாளம் கடலை உரசிக்கொண்டு ஓடும். ஜன்னல் இருக்கை கிடைத்தால் விடாதீர்கள். டோட்னஸில் இறங்கி, டார்ட் ஆற்றங்கரைப் பாதையில் நடந்து டார்ட்டிங்டன் ஹாலை அடைந்தேன். சாண்ட்ஸ் பள்ளியின் வேர் இங்கேதான். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு பிரபு கட்டிய மாளிகை அது. 1925இல் லெனார்ட் எல்ம்ஹர்ஸ்டும் அவருடைய மனைவி டோரதியும் வாங்கியபோது பெரிய மண்டபத்துக்குக் கூரையே இல்லை. இன்று அண்ணாந்து பார்த்தால் கருவாலி மரத்தில் இழைத்த உத்தரங்கள் கம்பீரமாக நிற்கின்றன.

இந்த லெனார்ட் யார்? வேளாண்மை படித்த ஆங்கிலேயர். 1922இல் சாந்திநிகேதனுக்கு அருகே தாகூர் ஸ்ரீநிகேதன் என்ற கிராம மேம்பாட்டு மையத்தைத் தொடங்கியபோது அதைக் கட்டி எழுப்பியவர். அதற்குப் பணம் கொடுத்தவர், பின்னாளில் அவருடைய மனைவியான அமெரிக்கச் செல்வந்தர் டோரதி. ஏழைக் கிராமப் பிள்ளைகளுக்காக 1924இல் சிக்ஷா சத்ரா என்ற தாகூரின் பள்ளி தொடங்கியது. தோட்டம் போடுவது, சமைப்பது, நெய்வது எல்லாமே அங்கே பாடம். அந்த அனுபவத்தோடுதான் லெனார்ட் டெவனுக்கு வந்தார். தாகூரே பின்னர் டார்ட்டிங்டனுக்கு வந்து தங்கியிருக்கிறார். தோட்டத்தின் புல்வெளிப் படிக்கட்டுகளில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

1926இல் டார்ட்டிங்டன் ஹால் பள்ளி திறந்தது. அடி கிடையாது, சீருடை கிடையாது, சட்டாம்பிள்ளை கிடையாது. ஆணும் பெண்ணும் சேர்ந்தே படித்தார்கள். கட்டாய மத வழிபாடும் கட்டாய விளையாட்டும் இல்லை. மாணவரை அடிப்பதற்கு இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் தடை நடைமுறைக்கு வந்தது 1987இல். எல்லாத் தனியார் பள்ளிகளையும் கட்டுப்படுத்திய சட்டம் 1998இல்தான். அத்தனை காலம் முந்தி நின்றது அந்தப் பள்ளி. 1931 முதல் 1957 வரை அதன் தலைமையாசிரியராக இருந்தவர் டபிள்யூ. பி. கரி. அவருக்காகக் கட்டிய ஹை கிராஸ் ஹவுஸ் என்ற வெள்ளையும் நீலமுமான நவீன வீட்டைப் பார்க்கும்போது, பழைய மாளிகையின் நிழலில் எவ்வளவு துணிச்சல் என்று தோன்றுகிறது. தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் தம் பிள்ளைகளை இங்கே அனுப்பினார். ஓவியர் லூசியன் ஃபிராய்டும் சிறுவனாக இங்கே படித்தவர்.

ஆனால் 1980களில் அடுத்தடுத்து நெருக்கடிகள். மாணவர் எண்ணிக்கை சரிந்தது. 1987இல் பள்ளியை மூடிவிட்டார்கள். பெரும் நிலமும் மாளிகையும் அறக்கட்டளையும் பின்னால் இருந்தும் பள்ளி நிலைக்கவில்லை.

சாண்ட்ஸ் அங்கிருந்துதான் தொடங்குகிறது. டேவிட் கிரிபிள் உள்ளிட்ட மூன்று ஆசிரியர்களும் சில மாணவர்களும் சேர்ந்து, அதே 1987இல் ஒரு புதிய பள்ளியை ஆரம்பித்துவிட்டார்கள். அது பிறகு டார்ட்மூர் விளிம்பில் இருக்கும் ஆஷ்பர்ட்டனில் குடியேறியது. தலைமையாசிரியர் என்ற பதவியே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். மேலிடத்து முடிவால் பள்ளியை இழந்தவர்களுக்கு அந்த எண்ணம் வந்ததில் எனக்கு வியப்பில்லை.

ஆஷ்பர்ட்டன் பழைய வெள்ளீய நகரம். சுற்றுவட்டாரச் சுரங்கங்களின் வெள்ளீயத்தை ஒரு காலத்தில் இங்கே கொண்டுவந்துதான் எடைபோட்டு முத்திரை குத்துவார்கள். ஈஸ்ட் ஸ்ட்ரீட்டில் கடைகளைத் தாண்டி நடந்தால் கிரேலாண்ட்ஸ் என்ற பெரிய வீடு வருகிறது. அதுதான் பள்ளி. பிள்ளைகள் இருக்கும் இடத்தில் சொல்லாமல் கொள்ளாமல் நுழைவது முறையில்லை என்பதால் தெருவில் நின்றே பார்த்தேன். பள்ளி என்று சொன்னால்தான் தெரியும். அவ்வளவு வீடாகவே இருக்கிறது.

பதினொரு வயது முதல் பதினாறு, பதினேழு வரையிலான சில பத்துப் பிள்ளைகள்தான் இங்கே படிக்கிறார்கள். வாரந்தோறும் பள்ளிக் கூட்டம் நடக்கிறது. அங்கே ஆசிரியருக்கும் ஒரு வாக்கு, பதினொரு வயதுப் பிள்ளைக்கும் ஒரு வாக்கு. விதிகளை அந்தக் கூட்டம்தான் வகுக்கிறது. புதிய ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதிலும் மாணவர்களுக்குப் பங்குண்டு. வகுப்புக்கு வருவது அவரவர் விருப்பம். பொதுத் தேர்வும் எழுதுகிறார்கள். சமையலையும் துப்புரவையும் ஆசிரியரும் மாணவரும் பகிர்ந்து செய்கிறார்கள். இதைப் படித்தபோது சிக்ஷா சத்ராவின் அடுப்படிதான் என் மனக்கண்ணில் வந்தது. கூட்டத்தில் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வர நேரமாகும்தான். அந்த நேரமே படிப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒரு வருத்தமும் உண்டு. இது கட்டணப் பள்ளி. தாகூர் ஏழைப் பிள்ளைகளுக்கென்று நினைத்தது, இங்கே பணம் கட்ட முடிந்தவர்களின் பிள்ளைகளுக்கே பெரும்பாலும் கிடைக்கிறது. கிரிபிளுக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும். பிற்காலத்தில் உலகம் சுற்றி இத்தகைய பள்ளிகளைப் பற்றி எழுதியபோது, டெல்லித் தெருச் சிறுவர்களோடு வேலை செய்யும் பட்டர்ஃபிளைஸ் அமைப்பைப் பற்றியும் விரிவாக எழுதினார். அங்கே தெருவில் பிழைக்கும் பிள்ளைகளே கூட்டம் போட்டுத் தங்கள் காரியங்களை விவாதிக்கிறார்கள்.

போக விரும்புகிறவர்களுக்கு: டோட்னஸில் தங்குவது வசதி. டார்ட்டிங்டன் தோட்டத்துக்கு அரைநாளாவது ஒதுக்குங்கள். ஆஷ்பர்ட்டன் ஏழெட்டு மைல் தூரம்தான். பள்ளியை உள்ளே பார்க்க வேண்டுமானால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.