மெஷின் ஓடாத நேரம்

என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால் 'தோட்ட வேலை' என்று சொல்லி நான் மாட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. நம் மலேசியாவில் தோட்டம் என்றாலே ரப்பர், இல்லாவிட்டால் செம்பனை. ஒரு கல்யாணத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், "எந்தத் தோட்டம் தம்பி, இன்னமும் நம்ம ஆளுங்கள எடுக்கிறானா?" என்று ஆரம்பித்து, மோர் வரும்வரை தன் சின்ன வயசு எஸ்டேட் கதையைச் சொல்லித் தீர்த்தார். அதிலிருந்து 'வீடுகளில் புல் வெட்டுகிறேன்' என்றே சொல்லிவிடுகிறேன். சட்டென்று புரிந்துவிடுகிறது.

ஆனால் வம்பும் அங்கேதான் இருக்கிறது. புல் வெட்டுகிறவன் என்றால் மெஷின் சத்தம் கேட்கிற நேரம் மட்டும்தான் அவன் வேலை நேரம் என்று ஆகிவிடுகிறது. நவம்பர் மழை ஓய்ந்ததும் கிரீன் லேன் பக்கம் ஒரு கார்னர் லாட் வீட்டுக்குப் போனேன். முடித்து எழுபது வெள்ளி (ரிங்கிட்) என்றதும் அந்த அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். "நாப்பது நிமிசந்தானே ஓடிச்சு தம்பி?" கெட்ட மனுஷி இல்லை, எனக்கு எலுமிச்சைத் தண்ணீரெல்லாம் கலக்கிக் கொடுத்தவர். இருந்தாலும் அந்த நாற்பது நிமிடம் என்னை நாலு நாள் தூங்கவிடவில்லை.

காலை ஆறரைக்கு பினாங்கில் இன்னும் இருட்டு. அப்போதே ஆயர் ஈத்தாமில் எங்கள் பிளாட்டுக்குக் கீழே நின்று பெட்ரோல் கலக்கிக்கொண்டிருப்பேன். என் பழைய மெஷினுக்கு 25-க்கு 1, அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி டூ-டி எண்ணெய். எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், கூடினால் புகை கக்கும். புல்லை அறுக்கிற தங்சி என்ற நைலான் நூலை முதல் நாள் ராத்திரியே தண்ணீரில் ஊறப்போட வேண்டும், காய்ந்த நூல் சுவரில் பட்டதும் பொடிப்பொடியாகத் தெறித்துவிடும். வீட்டுக்குப் போனதும் புல்லில் கிடக்கிற கல்லைப் பொறுக்க வேண்டும், காரைத் தள்ளி நிறுத்தச் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டுப் பக்கம் வலை பிடிக்க வேண்டும். ஒரு தடவை சோம்பல்பட்டு வலை பிடிக்காமல் விட்டேன். ஒரே ஒரு கல், பக்கத்து வீட்டுக் கார் கண்ணாடி, என் ரெண்டு வாரச் சம்பாத்தியம். வெட்டி முடித்த பிறகு கூட்டுவது, மூட்டை கட்டுவது, வேனில் ஏற்றுவது தனி. "பின்னால போட்டுக் கொளுத்திடேன்" என்பார்கள். 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் சட்டப்படி திறந்தவெளியில் எரிப்பது குற்றம், மாட்டினால் அபராதம் எனக்கும் வரும்.

அப்புறம் கோரை. புல்லுக்கு நடுவே அது புகுந்துவிட்டால் மேலே வெட்டுவதில் பிரயோசனமே இல்லை, அடியில் கிழங்கு கிழங்காகச் சங்கிலி போட்டு வைத்திருக்கும், ஒரு கிழங்கு தப்பினாலும் திரும்ப முளைக்கும். சங்குல் என்கிற மண்வெட்டியை எடுத்துத் தோண்ட வேண்டும், உட்கார்ந்து கையால் பொறுக்க வேண்டும். சத்தமே வராத வேலை என்பதால் நான் மரநிழலில் ஓய்வெடுப்பதாக நினைத்துக்கொள்வார்கள் போல. "மருந்து அடிச்சிட்டுப் போயேன்" என்று எல்லாரும் சொல்வார்கள். நான் அடிப்பதில்லை. அம்மா கெடாவில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் முதுகில் டின்னைச் சுமந்து பல வருஷம் பேராகுவாட் என்ற களைக்கொல்லி அடித்தவர். நகமெல்லாம் நிறம் மாறி, சோறு பிசையும்போது எரியும் என்பார். அந்த மருந்தை 2020 ஜனவரி 1 முதல் இங்கே தடை செய்துவிட்டார்கள். அம்மாவிடம் சொன்னபோது, "நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டார். இப்போது கடையில் கிடைக்கிற மற்ற மருந்துகள் அந்த அளவு மோசமில்லை என்கிறார்கள். இருக்கலாம். எனக்கு அந்த வாடையே ஆகாது.

பூந்தொட்டித் தட்டுகளைக் கவிழ்ப்பதும் என் வேலைதான் என்று நானே சேர்த்துக்கொண்டேன். ஏடிஸ் கொசு வளர்ந்தால் வீட்டுக்காரருக்குத் தண்டம், டிங்கி வந்தால் அதைவிடப் பெரிய தண்டம்.

இனி ஜனவரி, பிப்ரவரி வெயில். புல் பழுத்து நின்றுவிடும், வாட்சாப்பில் 'இந்த மாசம் வேணாம்' என்று வரிசையாக வரும். சீனப் பெருநாளுக்கு முந்தின வாரம் மட்டும் எல்லா ஆன்ட்டிகளும் ஒரே நாளில் கூப்பிடுவார்கள், ஒருவருக்கும் நாளை என்றால் ஆகாது. பெருநாள் முடிந்ததும் அலங்காரத்துக்கு வைத்த லீமாவ் (சின்ன ஆரஞ்சு) தொட்டிகளைக் குப்பையில் தூக்கிப் போடுவார்கள், அதில் நாலைந்தை நான் எடுத்து வந்துவிடுவேன். எங்கள் பிளாட் நடைபாதையில் இப்போது ஒன்பது மரம் நிற்கிறது, ஒன்றுகூடக் காய்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

சரி, அந்த கிரீன் லேன் அக்காவுக்கு வருகிறேன். அன்றைக்குக் கிளம்பும்போது போர்ச்சுக்குக் கீழே இருந்த காகிதப்பூச் செடியைக் காட்டி, தினமும் தண்ணீர் ஊற்றியும் பூக்கவே இல்லை என்று புலம்பினார். ஊற்றுவதால்தான் பூக்கவில்லை அக்கா என்றேன். அந்தச் செடிக்கு வெயிலும் கொஞ்சம் தாகமும் வேண்டும், தண்ணீர் ஏறினால் இலையாகவே தள்ளும். நீண்ட கிளைகளை வெட்டிவிட்டு, தொட்டியை வெயிலுக்கு நகர்த்தி வைத்து, இலை வாடித் தொங்கும்வரை தொடாதீர்கள், வாடினால் கொஞ்சமாக ஊற்றுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுபது வெள்ளி கொடுத்தார், கொஞ்சம் யோசித்துத்தான்.

நேற்று ராத்திரி ஒன்பதரைக்குப் போன் அடித்தார். "தம்பி, நுனியெல்லாம் சிவப்பா கெளம்பியிருக்கு. இப்ப தண்ணி ஊத்தலாமா?"

"இலை வாடியிருக்கா அக்கா?"

"இல்லையே."

"அப்ப இன்னும் ரெண்டு நாள் பொறுங்க."

பதினேழு நிமிடம் பேசியிருக்கிறார். இதற்கு என்ன கணக்கு எழுதுவது?